ரிவர்ஸ் கியருக்காகக் காஞ்சிபுரம் போனேன்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் சாமி பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் பட்டு எடுக்கப் போவார்கள். நான் பினாங்கிலிருந்து கடல் தாண்டிப் போனது உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம் வாங்க. சுங்கத்தில் இதைச் சொன்னபோது அந்த அதிகாரி என் பெட்டியை இரண்டாவது முறையும் கொட்டிப் பார்த்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. கடையில் உலகத்துக் கார்களுக்கெல்லாம் சாமான் இருந்தது, என் காருக்கு மட்டும் இல்லை. என்னிடம் இருந்தது ரெட்னர் என்ற ஜெர்மன் வண்டி.

ரெட்னர் கம்பெனியின் கதை ரெட்னர் வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்லுவோம். ஆரம்பித்தவர் காலுறை பின்னும் எந்திரம் செய்துகொண்டிருந்தவர். அதிலிருந்து சைக்கிளுக்குப் போனார், சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு, பிறகு காருக்கு. யுத்தத்தில் தொழிற்சாலை இடிந்தது. மிஞ்சிய பாதி, நாட்டைப் பிரித்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தொழிலாளிகள் சிலர் வண்டியின் வரைபடங்களைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு மேற்கே நடந்தே வந்தார்கள். ஒரு ரொட்டிக் கிடங்கில் மறுபடி கார் செய்ய ஆரம்பித்தார்கள். சொல்லும் ஆளைப் பொறுத்து வரைபடங்களின் எண்ணிக்கை கூடும், குறையும். கடைசியில் வேறொரு பெரிய கம்பெனி இதை வாங்கி, பெயரையே அழித்துவிட்டது. அதோடு உதிரிபாகமும் நின்றது.

இத்தனைக்கும் பெரிய சுகமான வண்டி இல்லை. பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். ஓடும்போது சட்டியில் கடலை வறுக்கிற சத்தம் வரும். எஞ்சினில் அசையும் சாமான்கள் மிகவும் குறைவு, அதனால் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். என் வண்டியில் கெட்டது ரிவர்ஸ் கியர்.

ஒன்றரை வருஷம் பின்னால் போகாமலே வாழ்ந்து பார்த்தேன். மேட்டில் மட்டுமே நிறுத்துவேன். முட்டுச் சந்தில் இருக்கும் நண்பர்களின் நட்பைக் கைவிட்டேன். மற்ற இடங்களில் என் மனைவி சகுந்தலா சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, முன்பக்கம் நின்று தள்ளுவாள். தள்ளும்போது அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினேன்.

ஜெர்மனியில் ரெட்னர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து, உலகத்தில் எங்கெங்கே எத்தனை ரெட்னர் மிச்சமிருக்கிறது என்று தட்டச்சு செய்து அனுப்புவார்கள். அதில் ஒரு வரி: 'இந்தியா, காஞ்சிபுரம். ஒன்று. ஓடவில்லை.' அவர்களிடம் விலாசம் வாங்கிக் கடிதம் போட்டேன். பதில் தமிழில் வந்தது. 'வண்டி நின்று இரண்டு வருஷம் ஆகிறது. வந்து வேண்டியதைக் கழற்றிக்கொண்டு போகவும். விலை ஒன்றும் வேண்டாம். எஸ்தர், நர்ஸ்.'

முதல் நாள் பஸ் வழியில் ஒரு சக்கரத்தை இழந்து, நடு மத்தியானத்தில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தது. நான் தவறான இடத்தில் இறங்கினேன். குதிரை வண்டிக்காரர் ஒருவர் என் பூப்போட்ட சட்டையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா சார், மலேயாவா? எங்க போவணும்?"

"பெரிய காஞ்சிபுரம். நர்ஸ் எஸ்தரம்மா வீடு."

"ஊட்ல விசேஷமா சார்?"

"இல்லை. கியருக்காக வந்தேன்."

"கியரா? அது இன்னா நோவு சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குதிரையைத் தட்டினார்.

ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு நேரே வந்ததும் குதிரை நின்றுவிட்டது. தட்டினாலும் நகரவில்லை. "யாரைக் கூட்டினு வந்தாலும் இங்க நிக்கும் சார். பழகிப்போச்சி. நீங்க எறங்கி ஒரு கும்புடு போட்டுட்டு வாங்க, போவும்" என்றார். இறங்கிக் கும்பிட்டேன். போயிற்று. பினாங்கில் டாக்சிக்காரர்கள் நம்மிடம் பக்தியை எதிர்பார்ப்பதில்லை.

எஸ்தரம்மாவின் வீடு நெசவாளர் தெருவுக்குப் பின்னால், ஒரு சாயப் பட்டறையை ஒட்டி இருந்தது. ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சேலை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு பல்லு சக்கரத்துக்காவ கப்பல் ஏறி வந்தியா தம்பி? உங்க ஊட்ல உன்ன யாரும் ஒன்னும் கேக்கலயா?"

"கேட்டாங்கம்மா. அதனாலதான் வந்தேன்."

வண்டி கொல்லைப்புறக் கொட்டகையில் நின்றது. மேலே கீற்று, கீழே செங்கல் முட்டு. பின் சீட்டில் ஒரு கோழி முட்டைமேல் உட்கார்ந்து, சவாரிக்குக் காத்திருப்பது போல் என்னைப் பார்த்தது. ஆனால் உடம்பு துருப்பிடிக்கவில்லை. யாரோ வாரம் தவறாமல் துடைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவில்லை. எஸ்தரம்மா பேசிக்கொண்டே முந்தானையால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கியரைப் பார்க்க வேண்டுமானால் எஞ்சின் சுற்ற வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் கன்னியப்பன் வேலியைத் தாண்டி வந்து, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். முழங்கைவரை மஞ்சள் சாயம் ஏறிய கைகள். நான் வழக்கம்போலப் பின்னால் போய், புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தேன். எஞ்சின் சுற்றுகிறது, குழாயில் மூச்சு இல்லை.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் கலந்து எரிகிற வண்டி என்பதால் ரெட்னரின் குழாயில் கரி கட்டும். கட்டிக் கட்டி ஒரு நாள் முழுக்க அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றி நெருப்பில் போட்டால் தீர்ந்தது. இந்த ஊர் மெக்கானிக்குகள் மூன்று முறை கார்புரேட்டரைப் பிரித்துவிட்டு, எஞ்சின் செத்துப்போயிற்று என்று சொல்லியிருந்தார்கள்.

வண்டி சாகவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா தம்பி, ஒனக்கு வேண்டியது நல்லா இருக்குதா?" என்று எஸ்தரம்மா கேட்டார்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து யார் கியரைக் கழற்றிக் கொடுப்பார்கள்?

மறுநாள் காலை ஓட்டலில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, சொல்லாமலே இரண்டு இட்லி கூடுதலாக வைத்தார். சாம்பார் அருமை. காப்பி எங்கள் ஊர்க் கோப்பியைவிடப் பல மடங்கு நல்லது, அளவுதான் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி. இதையெல்லாம் மனசோடு ரசிக்க முடியவில்லை. மனசாட்சி உள்ளவன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்துவிட்டு இட்லி தின்பது கஷ்டம்.

நான் வீட்டுக்குப் போனபோது எஸ்தரம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். போகும் முன் ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். ஜெர்மன் ஸ்பானர்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி, அளவு வரிசையில்.

"மிஷன் ஆஸ்பத்திரியில இருந்த ஹில்டா சிஸ்டர் குடுத்தது. வண்டியும் அவங்களுதுதான். ஜெர்மனிக்குத் திரும்பிப் போறப்ப சாவிய எங்கையில குடுத்துட்டாங்க. அவங்க அண்ணன் அந்தக் கம்பெனியிலயே வேல செஞ்சாராம். சட்டைக்குள்ள என்னமோ தெச்சிக்கினு நடந்து வந்தாராம்."

"வரைபடம்" என்றேன் பரபரப்பாக. "எத்தனை?"

"யாருக்குத் தெரியும்? அவரு கால்ல கொப்புளம்னு மட்டும் சொல்லுவாங்க." வண்டியின் கதவுக் கைப்பிடியைத் தடவினார். "எங்கப்பா முசரவாக்கம் பக்கத்துல கூலிக்கு ஏரு ஓட்டினாரு தம்பி. மேலத் தெருவுல செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கினுதான் போவணும். நான் இந்த வண்டிய ஓட்டக் கத்துக்கினு மொத மொத எங்க போனேன் தெரியுமா? அந்தத் தெருவுக்குத்தான். ஹாரன் அடிச்சிக்கினே போனேன். யாருக்கும் பிரசவங்கூட இல்ல அன்னிக்கி."

சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் ஸ்பானர் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். ரெட்னர் வைத்திருப்பவர்கள் ஆயிரம் பெருமை சொல்லுவார்கள். இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு திருகையும் தொடவில்லை. காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். குதிரையின் வற்புறுத்தல் இல்லாமலே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாமியிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. கியரையும் கேட்டு மன்னிப்பையும் கேட்பது நியாயமாகப் படவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது எஸ்தரம்மா தெருக்கோடியில் வந்தார். முசரவாக்கம் போய்த் திரும்புகிறார். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து போக வர நடை. சேலை முழங்கால்வரை புழுதி. ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டதால் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து வந்தார்.

என்னைப் பார்த்ததும் கேட்டது, "சாப்டியா தம்பி?"



மூன்றாம் நாள் விடிந்ததும் போய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். எஸ்தரம்மா குனிந்து பார்த்தார்.

"கியரு மேலதான இருக்குது? அடியில இன்னா பண்ற?"

"குழாயைக் கழட்டறேம்மா."

"அதுவும் வேணுமா? எட்த்துக்க, எட்த்துக்க."

குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கன்னியப்பன் பட்டறைக்குப் போனேன். சாயத் தொட்டிக்குக் கீழே பெரிய விறகு அடுப்பு. அதில் குழாயைச் செருகிய சிறிது நேரத்தில் உள்ளேயிருந்த கரி பிடித்துக்கொண்டது. பிறகு வந்தது பாருங்கள் புகை! காஞ்சிபுரத்துக் கோபுரங்களை எல்லாம் மறைக்கிற அளவுக்குக் கன்னங்கரேலென்று எழுந்து, காற்று திரும்பியதும் கொடியில் காய்ந்த மஞ்சள் பட்டு நூலைப் பார்த்து நகர்ந்தது. கன்னியப்பன் மனைவி ஓடி வந்து தெலுங்கில் கத்தினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று கன்னியப்பனைக் கேட்டேன்.

"மாப்பிள்ள வூட்டுக்குப் போற நூலாம் சார் அது. கருப்பா போச்சின்னா ஒன்னத் தொட்டியில முக்கி எடுப்பேன்றா. என்னயும் சேத்துத்தான்."

மூவருமாக நூலை அள்ளி வீட்டுக்குள் ஓடினோம். ஒரு முடிச்சும் கெடவில்லை. என் பூப்போட்ட சட்டை மட்டும் ஒரே நிறமானது.

மத்தியானத்துக்குள் குழாயைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்டி, வாடகைக்கு ஒரு பேட்டரி கொண்டுவந்து, டயர்களுக்குக் காற்றடித்தேன். கோழிக்குக் கூடையில் மாற்று இடம் கொடுத்தோம். எஸ்தரம்மா மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாசில் எண்ணெயை அளந்து பெட்ரோலில் ஊற்றினார். இதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. இருபது வருஷமாகப் பிரசவம் பார்க்கிற கை.

பட்டறை ஆட்கள் தள்ளினார்கள். இருமிற்று, தும்மிற்று, பிறகு கடலை வறுபட ஆரம்பித்தது. தெருவில் தறிச் சத்தம் வரிசையாக நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எஸ்தரம்மா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

அழுது முடிக்க நேரம் கிடைக்கவில்லை. வியர்த்து விறுவிறுத்து ஒருவன் சைக்கிளில் வந்தான். முசரவாக்கத்துக் கோவிந்தன். நேற்று எஸ்தரம்மா பார்த்துவிட்டு வந்த வள்ளியின் புருஷன்.

"காலையிலேந்து நோவு எட்த்துக்கினே இருக்குதும்மா. கொழந்த கை வெளிய வருதுன்னு எங்கம்மா சொல்லுது."

எஸ்தரம்மாவின் முகம் மாறியது. "கை வருதா? குறுக்க கெடக்குது கொழந்த. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். ஏறுடா! தம்பி, நீயும் ஏறு. நடுவுல நின்னா நீதான் பாக்கணும்."

இரண்டு வருஷம் நின்ற வண்டி. கோவிந்தனோடு நானும் ஏறினேன். கோயிலில் கேட்காததை எல்லாம் அந்த ஐந்து மைலில் கேட்டேன். வண்டி நிற்கவில்லை.

வள்ளியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, மாமியார் மடியில் தலையை வைத்துக்கொண்டு திரும்பினோம். வழி ஏரிக்கரை மேல். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளத்தில் வயல். பாதிக் கரையில் எதிரே வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி வந்து நின்றது.

"மாடு பின்னால போவாதும்மா!" என்று வண்டிக்காரர் அலறினார்.

"என் வண்டி போவும். நீ மாட்ட மெரளாம புடிச்சிக்க."

கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, ஒற்றைக் கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எஸ்தரம்மா கியரைப் போட்டார். அந்தப் பல்சக்கரத்தின் ஊளைச் சத்தத்தை ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கேட்டேன். ஒரு பர்லாங்குக்கு மேல் பின்னாலேயே போனோம். சக்கரம் கரை விளிம்பை ஒரு இடத்திலும் தொடவில்லை. மதகடியில் அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி, பாரவண்டியைப் போகவிட்டு, மறுபடி பாய்ந்தோம். பின்னால் வள்ளி முனகிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த கோவிந்தன் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அதைவிட நல்ல ரிவர்ஸ் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அறுத்துத்தான் எடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டர் சொன்னதை எஸ்தரம்மா வந்து சொன்னார். சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "குழாய் அடைச்சிருக்குன்னு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சொன்னா கியர் கிடைக்காதுன்னு ஒரு நாள் சொல்லாம இருந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்தா?"

"நேத்து."

"நேத்துதான் என் செருப்பு அறுந்துபோச்சி."

"பார்த்தேம்மா. அதான் தாங்கல."

வராந்தாவில் யாரோ பிளாஸ்கைக் கீழே போட்டார்கள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்த நோவு நேத்து வந்திருந்தா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலுக்காக முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒம்மேல கோவம் இருக்குது தம்பி. இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்குள்ள போயிடும்னு நெனைக்கிறேன்." பிறகு எழுந்து சேலையை உதறினார். "கியரக் கழட்டிக்க. கடுதாசியில எழுதிக் குடுத்துட்டேன். பேச்சு மாற மாட்டேன்."

"வேண்டாம்மா. சத்தியமா வேண்டாம்."

"அப்ப உன் வண்டி எப்படிப் பின்னால போவும்?"

"என் வீட்டுக்காரி தள்ளுவா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், இது ஆஸ்பத்திரி" என்று சொல்லவேண்டி வந்தது.

நான்காம் நாள் காலை என்னைப் பஸ் நிலையத்தில் தானே கொண்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் கொட்டகை காலி. எங்கோ அழைப்பு வந்து விடியற்காலையிலேயே போய்விட்டாராம். கன்னியப்பன் சைக்கிள் கேரியரில் என் பெட்டியைக் கட்டி, தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். அவர் மனைவி அவித்த கடலை ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். மன்னிப்பா, வழியனுப்பா என்று தெரியவில்லை, சூடாக இருந்தது.

ராஜவீதி திருப்பத்தில் ஹாரன் கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. குதிரை வண்டிகள் ஒதுங்கின. எஸ்தரம்மா ஸ்டீரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தபடி வந்தார். பக்கத்து சீட்டில் ஒரு கிழவர் மூட்டையோடு. பின்னால் முக்காடு போட்ட ஒரு பெண், அவளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார், அவசரம் அப்படி.

வண்டி எங்களைத் தாண்டிப் போனதும் நீலப்புகை வந்து மூடிக்கொண்டது. கன்னியப்பன் சைக்கிளை விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். நான் அப்படியே நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன்.